எப்போதும் என்று எழுதிய பக்கம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடத்திலிருந்தே இது என்மேல் உள்ள புகார். சாப்பிடும்போதுகூடக் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவள் இரண்டு வருடம் ஒரு கம்ப்யூட்டர் கையேட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று சொன்னால், என்னோடு படித்தவர்கள் இன்றும் நம்ப மாட்டார்கள்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்த வினை. 2001இல் எம்.சி.ஏ. முடித்த கையோடு பெங்களூரில் வேலை கிடைத்தது. பெட்டி வாங்கியாகிவிட்டது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. சேர வேண்டிய மாதத்தில், இப்போது வர வேண்டாம், பிறகு தெரிவிக்கிறோம் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. ராசிபுரத்தில் எங்கள் வீடு கடைத்தெருவை ஒட்டியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து, "எப்ப கண்ணு பெங்களூரு?" என்று கேட்டார்கள். முதல் மாதம் பதில் சொன்னேன். இரண்டாம் மாதம் சிரித்தேன். மூன்றாம் மாதம் யாரையாவது அடித்துவிடுவேன் என்று எனக்கே பயமாகிவிட்டது.

அத்தாவுக்கு, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கொல்லிமலையில் செம்மேட்டில் கடை இருந்தது. மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிக் கீழே அனுப்புகிற கடை. வாரத்தில் ஐந்து நாள் அவர் மலையில்தான் இருப்பார். கேள்வி கேட்கிறவர்கள் சுலபத்தில் ஏறி வர முடியாத உயரம் என்பதால் எனக்கு அந்த இடம் பிடித்தது. "ஒரு வாரம் இருந்துட்டு வாரேம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவள், என் கம்ப்யூட்டரையும் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றி வரவழைத்துக்கொண்டேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மிளகுக் கொடி, மூடினால் மிளகு வாசம்.

வேலை இல்லை என்பதற்காகக் கை சும்மா இருக்குமா? புரோகிராம்களில் மெமரிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கிற ஒரு கருவி அப்போது இலவசமாகக் கிடைத்தது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து, சம்பளம் இல்லாமல் எழுதுகிற கருவி. அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். கருவி பிரமாதம், அதன் கையேடு படுமோசம். ஆத்திரத்தோடு அவர்களுடைய மெயில் குழுவுக்கு ஒரு நீளமான கடிதம் போட்டேன். கருவியை எழுதிய தலைவர் அமெரிக்காவில் இருந்தார். "உண்மைதான். நீங்களே திருத்தித் தருகிறீர்களா?" என்று பதில் எழுதினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். அன்றிலிருந்து கையேடு என் பொறுப்பு.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று அத்தா கேட்டபோது அவருடைய கடையை வைத்தே சொன்னேன். கடையில் காலிச் சாக்குகளை விவசாயிகளுக்கு இரவல் தருவோம். காய் கொண்டு வந்து போட்டுவிட்டுச் சாக்கைத் திருப்பித் தந்துவிட வேண்டும். புரோகிராமும் அப்படித்தான், கம்ப்யூட்டரிடம் மெமரியை இரவல் வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தரும். வாங்கியதைத் தராமல் வைத்துக்கொண்டால் ஒரு கோளாறு. அதைவிட மோசமானது இன்னொன்று. திருப்பித் தந்த பிறகும் அது தன்னுடையதுதான் என்று நினைத்து அதிலேயே கையை விடுவது. அதற்குள் அந்தச் சாக்கு வேறு ஒருவருக்குப் போயிருக்கும். இவருடைய காப்பியில் அவருடைய மிளகு கலந்துவிடும். "அட, இதைக் கண்டுபிடிக்கறதுக்கா இவ்வளவு படிப்பு?" என்றார் அத்தா.

கடையில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்த சாக்கை உதறி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் கம்பில் மாட்டுவார்கள். புறம் திருப்பிய சாக்கு என்றால் அது கடையுடையது, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. எங்கள் கருவியும் கிட்டத்தட்ட இதையே செய்தது. திருப்பித் தரப்பட்ட மெமரியை ஓர் அடையாளக் குறியால் நிரப்பிவிடும். அதற்குப் பிறகு யாராவது அதைப் படித்தால் அந்தக் குறி பல்லை இளிக்கும், திருட்டு வெளிப்படும்.

இந்தப் பக்கத்தை எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். தலைவர் அனுப்பிய குறிப்பில், வழக்கமாக நிரப்பப்படும் என்று இருந்தது. வழக்கமாக, பெரும்பாலும், சில சமயம் என்று இழுக்கிற எழுத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிரப்பும் அல்லது நிரப்பாது, இதில் என்ன வழவழா கொழகொழா? திருப்பித் தரப்பட்ட மெமரி எப்போதும் அடையாளக் குறியால் நிரப்பப்படும், குறி தென்படவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று அடித்து எழுதினேன். சாக்குக் கம்பு என் கண்முன்னால் இருந்தது. கருவியை ஓட்டி அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செம்மேட்டில் போன் இருந்தது, ஆனால் அதில் இன்டர்நெட் நிற்காது. அதனால் புதன்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் மலை இறங்கி நாமக்கல் போவேன். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் எழுதியதை அனுப்பிவிட்டு, வந்திருக்கும் மெயில்களை, மணிக்கு இவ்வளவு என்ற காசுக்குப் பயந்து படிக்காமலேயே பிளாப்பியில் அள்ளிக்கொண்டு மத்தியான பஸ்ஸைப் பிடிப்பேன். படிப்பது மேலே வந்துதான். கொண்டை ஊசி வளைவுகள் எழுபதிலும் அந்தப் பிளாப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதற்குள் என்ன இருக்கிறதோ என்று தவித்தபடி வருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் வாந்தி வருகிறதோ என்று எலுமிச்சம்பழம் தருவார்கள்.

அந்த வருடம் காப்பி பறிக்கத் தொடங்கிய சமயத்தில் புயல் மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை நான் மேலே வந்து சேரும்போதே வழியெல்லாம் கல் உருண்டு கிடந்தது. வந்ததும் கரண்ட் போய்விட்டது. பிளாப்பி மேஜையில், நான் இருட்டில். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஓடிப்போய் மெயில்களைத் திறந்தேன்.

ஐரோப்பாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். முன்பின் தெரியாதவர். மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தொகுக்கிற மிஷினுக்கு அவர்கள் புரோகிராம் எழுதுகிறார்கள். சோதனை ஓட்டத்தில் என்றோ ஒருமுறை ஒரு நோயாளியின் எண் இன்னொருவரின் தாளில் வந்துவிடுகிறது. மூன்று வாரமாகத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் என் பக்கத்தைப் படித்திருக்கிறார். "உங்கள் கையேட்டின்படி ஓட்டிப் பார்த்தோம். குறி எங்கும் தென்படவில்லை. ஆகவே மெமரிக் கோளாறு இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். சோதனைக்கு வைத்திருந்த மிஷினில்தான் பழுது என்று நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை புரோகிராமை மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறோம். இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு மிக்க நன்றி" என்று முடித்திருந்தார்.

முதலில் குளிர்ந்துதான் போனேன். தெளிவாக எழுதியதற்கு நன்றி என்று அதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை. இரண்டாம் தடவை படித்தபோதுதான் உறைத்தது. ஒருவருடைய எண் இன்னொருவரின் தாளில் வருகிறது என்றால் அது அப்படியே சாக்கு மாறிய கதை. குறி தெரிந்தே ஆக வேண்டும். ஏன் தெரியவில்லை?

பத்து வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மெமரி வாங்கி, அதில் ஓர் எண்ணை எழுதி, திருப்பித் தந்து, பிறகு அதையே படிக்கிற புரோகிராம். கருவிக்கு அடியில் ஓட்டினேன். குறி வரவில்லை. பழைய எண் அப்படியே, யோக்கியமாக, உட்கார்ந்திருந்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே. கருவியின் உள்ளே போய்த் தேடியபோதுதான் தெரிந்தது. குறி நிரப்பும் வேலை புரோகிராமை மந்தமாக்குகிறது என்று தலைவர் எப்போதோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார். தனியாகக் கேட்டால்தான் செய்யும். கேட்காவிட்டால் செய்யாது.

எழுந்து நடக்க ஆரம்பித்தேன். அறையிலிருந்து கடை, கடையிலிருந்து அறை. அன்று வியாழக்கிழமை. போனை எடுத்தால் சத்தமே இல்லை. அத்தா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு, காலங்காத்தால கூண்டுப் புலியாட்டம் நடக்கற?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். எப்போதும் என்று எழுதிவிட்டேன் அத்தா, நம் கடையில் சாக்கைத் திருப்பி மாட்டுகிற மாதிரி அங்கேயும் எப்போதும் நடக்கும் என்று நினைத்துவிட்டேன் என்றேன். குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது. அத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நம்ம கடையில எப்பவுமா? சீசன்ல யாரு கண்ணு திருப்பறா? நேரம் ஏது? வந்ததை வந்தபடி மாட்டிப் போடறதுதான். அந்தா பாரு."

பார்த்தேன். கம்பில் இருபது சாக்குக்கு மேல் தொங்கின. புறம் திருப்பியது மூன்றோ நான்கோ. மற்றதெல்லாம் வந்தபடியே. தினமும் பத்துத் தடவை அந்தக் கம்புக்குக் கீழேதான் போய் வந்துகொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கருவியையும் பார்க்கவில்லை, கம்பையும் பார்க்கவில்லை, ஊருக்கெல்லாம் கையேடு எழுதியிருக்கிறேன்.

அப்போது மலையின் இன்னொரு பகுதியான எடப்புளி நாட்டிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். சாமையும் காப்பியும் பயிர் செய்கிறவர், அத்தாவிடம் வழக்கமாகச் சாக்கு வாங்குகிறவர். ஒரு பை சாமையோடு நனைந்து நின்றார். "ஏனுங்க பாய், பஸ்ஸு வராதாமுங்க. ரோட்டுல பாறை உழுந்து கெடக்குதாமா. எடுக்கறதுக்கு நாலு நாளு ஆவுங்களாம்" என்றார்.

"அப்ப நீங்க எப்படிப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நான் காட்டுப் பாதையில எறங்கிக்கறனுங்க. அடிவாரத்துல முள்ளுக்குறிச்சியில எம்மவ ஊடு. இன்னிக்குப் போயே ஆவோணும்."

நானும் அவரோடு போகிறேன் என்றேன். அத்தா ஒரே போடாக, முடியவே முடியாது என்றார். மழை, வழுக்குப் பாறை, பழக்கமில்லாத கால். எல்லாம் நியாயம்தான். நான் பாட்டுக்குச் செருப்பை மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"அந்த மிஷினுல ஒருத்தர் ரிசல்ட்டு இன்னொருத்தருக்குப் போயிருமா?"

"போகும் அத்தா."

"சர்க்கரை இல்லாதவனுக்கு இருக்குன்னு வருமா?"

"இருக்கிறவனுக்கு இல்லைன்னும் வரும்."

அவருக்குச் சர்க்கரை உண்டு. உள்ளே போய்த் தன் மழைக்கோட்டை எடுத்து வந்து என் தோளில் போட்டார். "பார்த்துப் போ" என்றார்.

அந்த இறக்கத்தை நடந்தேன் என்று சொல்ல முடியாது. பாதி தூரம் உட்கார்ந்து சறுக்கினேன், மீதியை வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். செருப்பு அறுந்து கையில் வந்தது. அந்த அம்மா தலையில் பையோடு, வெறுங்காலில், முன்னால் போய் நின்று நின்று எனக்காகக் காத்திருந்தார். நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருவதைப் பார்த்து, "என்ன சாமி, அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டார். முடிந்த மட்டும் சொன்னேன்.

"அந்த ஊரு எங்க இருக்குது?"

"கடல் தாண்டிங்க."

"அவங்க நோவுக்கு நீ ஏஞ்சாமி இந்த ஓட்டம் ஓடற?"

"நான் தப்பாச் சொல்லிட்டேங்க. அதை நம்பிட்டாங்க."

"அப்ப வெரசா நட" என்று சொல்லிவிட்டு அவர் எட்டி நடை போட்டார். அதற்குப் பிறகு எனக்காக நிற்கவே இல்லை.

நான் முணுமுணுத்தது பிரார்த்தனை அல்ல, கடிதம். இறங்கும் வழியெல்லாம் இரண்டு கடிதங்களை மனதில் எழுதிக்கொண்டு வந்தேன். புதிய பதிப்பில் இந்த வசதி மாற்றப்பட்டிருக்கிறது, கையேடு விரைவில் திருத்தப்படும் என்பது ஒன்று. அதில் பொய் ஒன்றும் இல்லை. படிப்பவர், கருவி மாறிவிட்டது போலும், கையேடு பாவம் பின்தங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். இன்னொரு கடிதம் மூன்றே வாக்கியம். அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குழுவில் என் பெயருக்கு மதிப்பு இருந்தது. பெங்களூர் கைவிட்ட பிறகு எனக்கென்று இருந்தது அந்த மதிப்பு ஒன்றுதான். அதை நானே போட்டு உடைக்க வேண்டுமா என்று ஒவ்வொரு பாறையிலும் கேட்டுக்கொண்டேன்.

முள்ளுக்குறிச்சியில் அந்த அம்மா மகள் வீட்டுப் பக்கம் திரும்பிப் போனார். எனக்கு ராசிபுரம் பஸ் கிடைத்தது. சேறு அப்பிய துணியோடு, செருப்பில்லாமல், எங்கள் கடைத்தெருவிலேயே நடந்தேன். யாருக்குப் பயந்து மலையேறினேனோ அவர்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். அன்று ஒருவர்கூடப் பெங்களூர் பற்றிக் கேட்கவில்லை.

கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தபோது மணி மூன்று. முதல் கடிதத்தைத்தான் தட்டினேன். படித்துப் பார்த்தால் ரொம்ப அழகாக இருந்தது, என் எல்லா எழுத்தையும் போல. எனக்கே அருவருப்பாகிவிட்டது. அழித்துவிட்டு மற்றதை அடித்தேன். "கையேட்டில் அந்த வாக்கியம் தவறு. எழுதியது நான், சோதித்துப் பார்க்காமல் எழுதினேன். நிரப்பும் வசதியைத் தனியாகக் கேட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், அதுவரை தயவுசெய்து அனுப்பாதீர்கள்." அவருக்கு மட்டும் போட்டால் அந்தப் பக்கத்தைப் படித்த மற்றவர்கள் என்ன ஆவார்கள்? குழு முழுவதற்கும் சேர்த்து அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். திரும்பவும் எழுந்தேன். சென்டர்க்காரர் டீ வாங்கித் தந்து, "யாருக்காச்சும் உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். ஐந்து மணிக்கு ஐரோப்பாக்காரரிடமிருந்து பதில் வந்தது. தனியாகக் கேட்டு ஓட்டியதும் முதல் ஓட்டத்திலேயே குறி பல்லை இளித்திருக்கிறது. கோளாறு அவரே எழுதிய பகுதியில்தான். அனுப்பும் வேலையை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒரு நன்றி, முன்னதைவிடச் சின்னது. நான் அங்கேயே, எல்லார் முன்னாலும், முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வீட்டுக்குப் போனதும் அம்மா வெந்நீர் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சென்டர் திறக்கும்போதே போய் நின்றேன். தலைவரின் பதிலை நினைத்துத்தான் பயம். திட்டுவார், பொறுப்பை வாங்கிக்கொள்வார், வாங்கட்டும் என்று என்னை நானே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

"வெளியிடுமுன் அந்தப் பக்கத்தை நானும் படித்தேன்" என்று எழுதியிருந்தார். "அந்த வசதியை நிறுத்தி வைத்தவனே நான்தான். ஆனால் நீங்கள் எப்போதும் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், மறுபடி இயக்கியிருப்பேன், எனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கருவியை எழுதியவர், தன் கையால் எழுதியதை விட்டுவிட்டு என் வாக்கியத்தை நம்பியிருக்கிறார். அன்றுதான் முதல்முறையாக அந்த வேலையைக் கண்டு எனக்குப் பயம் வந்தது.

ரோடு திறந்ததும் மேலே போனேன். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்த்தேன். உட்கார வராதவள் இரண்டு மாதம் உட்கார்ந்தேன். இன்னும் ஏழு தவறுகள் அகப்பட்டன. ஏழும் நான் எழுதிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்ட வாக்கியங்கள். அவற்றைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.